கணவாய் முட்டையிடும் ஞாயிறுகள்

சுற்றுலா வான் ஓட்டுகிறவனிடம் ஆட்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்துக் கேட்பது எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று. எதைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்க ஒருவர் அகப்பட்டால் அன்றைக்கு நல்ல நாள். சொந்தக்காரர்களையோ அயலவர்களையோ ஒரு வண்டியில் அடைத்து ஊர் காட்டப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நீங்கள் என் பக்கம்தான் நிற்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2009-க்குப் பிறகு வந்த சில வசந்தங்களில் பாரிஸின் லா சப்பலிலிருந்து நோர்மண்டிக் கரைக்கு வான் ஓட்டினேன். வான் குணம் அண்ணையுடையது. அவர் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். கிழமை நாட்களில் அதே வான் இருக்கைகள் இல்லாமல் வெங்காயமும் முருங்கைக்காயும் ஏற்றும். சனி பின்னேரம் கழுவி, இருக்கைகளைத் திரும்பப் பூட்டினால் ஞாயிறு அது சுற்றுலா வான். எவ்வளவு கழுவினாலும் வெங்காய மணம் இறங்காது.

அந்தக் கரைக்கு நான் முதலில் போனது ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கணவாய் வாங்க. துறைமுகத்தில் படகுகள் வந்து அணைந்தபோது கூடை கூடையாகக் கணவாய். படகுகளின் மேலே பறவைகள், கீழே தண்ணீரில் ஒரு கடல்நாய். இவ்வளவும் ஏன் ஒரேயடியாக வருகின்றன என்று மிஷெல் என்ற படகுக்காரரிடம் கேட்டேன். குளிர்காலத்தை ஆழத்தில் கழித்துவிட்டு வசந்தத்தில் கரைக்கு முட்டையிட வருகின்றன, இட்டதும் செத்துப்போகின்றன என்றார். முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் நான். எழுத ஒரு பத்திரிகை கையில் இருந்திருந்தால் இதை எழுதியிருப்பேன். இல்லாததால் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று குணம் அண்ணையிடம் கேட்டேன். மே மாதம் விடுமுறைகள் நிறைந்த மாதம். அந்த மாதத்தில் வானை லூர்து மாதா யாத்திரைக்கு விடுவது அவருடைய திட்டம். என் திட்டத்தைக் கேட்டு இரண்டு தடவை தலையைச் சொறிந்தார். சரி என்றார். ஆனால் எந்த வருடம் இருக்கைகள் காலியாகப் போகின்றனவோ, அந்த வருடத்தோடு சரி என்றும் சொன்னார்.

"கணவாயைப் பாக்க ஆர் ஐசே ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி வருவான்? லூர்து எண்டால் வான் தன்பாட்டிலை நிறையும்."

கடல் இல்லாத துறைமுகம்

முதல் பயணம். லா கூர்னெவ்வில் ஏற வேண்டிய தம்பதி ஆர்ஜொந்தெயில் நின்றதையும், ஆர்ஜொந்தெயில் ஏற வேண்டியவர் இன்னும் படுக்கையில் கிடந்ததையும் விட்டுவிடுகிறேன். அது எல்லாப் பயணத்துக்கும் பொது.

துறைமுகத்தில் இறங்கினால் கடல் இல்லை. படகுகள் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈர மணல். தொலைவில் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று தெரிந்தது; அதுதான் கடல் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். அதற்கு மேல் அது எங்கும் போனதாக நான் அறியேன். புறப்படுமுன் வற்று எத்தனை மணிக்கு, பெருக்கு எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. கடற்கரைக்குப் போகும்போது கடல் வீட்டில் இருக்குமா என்று விசாரித்துவிட்டா போவார்கள்?

வானில் வந்தவர்களில் புஷ்பா அக்காவும் ஒருவர். கந்தோர்களைத் துப்புரவு செய்யும் மெனாஜ் வேலை. பாரிஸில் ஸ்டாலின்கிராட் என்ற பகுதியில் மூன்று கட்டடங்கள் அவர் பொறுப்பு. யாரையும் கடிந்து பேசமாட்டார். கேள்விதான் கேட்பார். சேற்றையும் படகுகளையும் பார்த்தார். மிதிவெடி என்று நாங்கள் சொல்லும் முட்டை ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்து, மென்று முடித்தார்.

"தம்பி, கடல் பின்னேரம் எத்தினை மணிக்குத் திரும்பி வருமாம்?"

கூட்டுக்குள் ஒருத்தி

அதன் பிறகு பெருக்கு நேரம் பார்த்துத்தான் போனேன். படகுகள் உள்ளே வரும் நேரத்துக்குத் துறைமுக மேடையில் நின்றால் எல்லாம் காணலாம். மிஷெல் வலை போடுவதில்லை. கம்பியும் வலையும் கொண்டு செய்த கூடுகளைக் கடலடியில் இறக்கி வைப்பார். நாங்கள் ஊரில் கண்டிராத ஒரு வேலை அதில் இருந்தது. முதலில் ஒரு பெண் கணவாயைப் பிடித்து உயிரோடு கூட்டுக்குள் விடுகிறார். வேறு இரை எதுவும் இல்லை. ஆண் கணவாய்கள் தாமாகவே உள்ளே வருகின்றன.

எங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு தொட்டியில் ஆணையும் பெண்ணையும் விட்டார். ஆணின் தோலில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் ஓடத் தொடங்கின. தண்ணீரில் நிழல் அலைவதுபோல் அவை கழுத்திலிருந்து வால் வரை போய்த் திரும்பின. இன்னொரு ஆணை விட்டதும் வரிகள் இன்னும் கடுமையாயின. குடும்பச் சண்டை பார்க்க நிற்பவர்கள்போல் தொட்டியைச் சுற்றி எல்லாரும் குனிந்து நின்றார்கள்.

கூட்டுக்குள் பெண்ணை விடும் வித்தையை மிஷெல் சொன்னபடியே தமிழில் சொன்னேன். தவராசா என்று ஒரு சமையற்காரர், நாற்பது தாண்டியும் கலியாணம் ஆகாதவர், பெருமூச்சு விட்டார். "அண்ணை, இதிலை பிடிபட்ட ஆம்பிளையள் எல்லாம் விசாரிக்காமல் உள்ளுக்கை போனவங்கள்" என்றார். புஷ்பா அக்கா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"வெளியிலை நிண்டு விசாரிச்சுக்கொண்டிருந்தபடியால்தானே ராசா நீர் இன்னும் தனிய."

தலை போன கணவாய்

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். லா டெஃபான்ஸில் மென்பொருள் வேலை. குணம் அண்ணையின் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த எங்கள் விளம்பரத்தில் டொல்பின் என்ற சொல்லைப் பார்த்து வந்தவர். குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு, அலைதடுப்புச் சுவரின் நுனியில் போய் நின்றார். "சார், போன வாரம் எந்தப் பக்கம் பாத்தீங்க? லெஃப்ட்டா, ரைட்டா?" என்று கேட்டார். டொல்பின்னுக்கு இடம் வலம் ஒதுக்கிக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இடப் பக்கம் என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. இறக்கை நுனி மட்டும் கறுத்த பெரிய வெள்ளைப் பறவைகள் உயரத்தில் சுற்றின. ஒன்று இறக்கையை மடக்கும். கல்லை விட்டெறிந்ததுபோல் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். கார்த்திக் அவற்றைப் படம் எடுத்து, மெமரி கார்ட் நிறைந்து, புதியதை மாற்றக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து வலப் பக்கத்தில் மூன்று முதுகுகள் எழுந்து, மூச்சு விட்டு, அமிழ்ந்தன. தவராசா "அங்கை! அங்கை!" என்று கத்தியதில் கார்த்திக் கார்டைக் கடலில் போட்டார்.

சற்றுப் பொறுத்து அதே இடத்திலிருந்து வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. கணவாய், ஆனால் தலை இல்லை. அன்று கடலுக்குப் போகாமல் எங்களோடு நின்ற மிஷெல், டொல்பின் தலையை மட்டும் கடித்துக்கொண்டு உடலை விட்டுவிடும் என்றார். உடலுக்குள் ஓடு இருப்பதால் அது தொண்டையில் சிக்குமாம். கார்த்திக் அதையாவது படம் எடுத்தார். புஷ்பா அக்காவுக்குக் கணவாயில் பிடித்தது உடல்தான். தலையும் கையும் அவருக்குக் குழம்பு கூட்டுகிற சாமான்.

"நல்ல சதையை விட்டுப்போட்டு தலையைத் தின்னுது. இதுகளுக்கு வீட்டிலை ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லையோ?"

சுத்தம்

அடுத்த வசந்தம். அந்த வருடம் தொடங்கும்போதே வானில் இரண்டு மூன்று இருக்கைகள் காலி. குணம் அண்ணை லூர்து விளம்பரத்தை அச்சடித்து மேசைக்கடியில் வைத்திருந்தார். நான் பார்க்கட்டும் என்றுதான் விளிம்பு வெளியே தெரிய வைத்தார் என்பது என் ஊகம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு மிஷெல் தன் கூடுகளில் பாதியை மேடையில் அடுக்கியிருந்தார். இடம் மாற்றி, அடுத்த பெருக்கில் திரும்ப இறக்கப் போவதாகச் சொன்னார். நல்ல மனநிலையில் இருந்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வாளி கணவாயைச் சும்மா கொடுத்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கோப்பி குடிக்கப் போனார்.

சும்மா வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும். சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். கூடுகள் முழுக்கக் கறுப்பாக, வழவழப்பாக, திராட்சைக் குலைகள்போல் ஏதோ அப்பிக் கிடந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். தூரிகையும் இருந்தது. வானில் வந்த பெண்களில் நாலு பேர் மெனாஜ் வேலைக்காரர். கைப்பையில் ரப்பர் கையுறை இல்லாமல் வீட்டை விட்டு இறங்காதவர்கள். நாங்கள் திரும்பி வந்தபோது கூடுகள் கடையில் வாங்கியதுபோல் பளபளத்தன. புஷ்பா அக்கா கடைசிக் கூட்டின் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கறுப்புத் திராட்சைதான் முட்டை. கணவாய் மை பூசி இடுவதால் அந்த நிறம். எத்தனையோ ஞாயிறு அங்கே போயும் எங்களில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. முட்டை என்றால் ஆழத்தில் எங்கோ, வெள்ளையாக இருக்கும் என்று நாங்களே ஒரு படம் வரைந்து வைத்திருந்தோம். மிஷெல்லும் அவருடைய கூட்டாளிகளும் முட்டை ஒட்டிய கூடுகளைக் கோடை வரை கழுவுவதில்லை. குஞ்சு பொரித்த பிறகுதான் கை வைப்பார்கள். மிஷெல் கத்தவில்லை. படகு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் கழித்து வரவேண்டிய கணவாயை இப்போதே கழுவி ஊற்றியாயிற்று என்றார். பிறகு, இனி ஆட்களைக் கூட்டி வராதே என்றார். இரண்டையும் அதே குரலில் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். புஷ்பா அக்கா கையுறையைக் கழற்றினார்.

"இத்தினை வருசமாத் துடைக்கிறன் தம்பி. சுத்தமாப் போச்செண்டு ஒரு மனுசன் கவலைப்பட்டதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

வெங்காயப் பைகள்

"தண்ணிக்கை திரும்ப விட்டால் உயிர் தப்புமோ எண்டு கேளும்" என்றார் புஷ்பா அக்கா. கேட்டேன். மிஷெல் தோளைக் குலுக்கினார். காயாமல் இருந்தால் தப்பலாம், குழாயில் வந்தது உப்பில்லாத நல்ல தண்ணீர் என்பதால் தப்பாமலும் போகலாம். ஆனால் எதில் போட்டு எங்கே தொங்கவிடுவது?

வானின் பின்பக்கத்தில் குணம் அண்ணையின் வெங்காயப் பைகள் கிடந்தன. சிவப்பு வலைப் பைகள். எல்லாரும் முழங்காலில் இறங்கினார்கள். மேடையின் வடிகாலில், கற்களின் இடுக்கில், தூரிகையின் மயிரில் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் விரலால் பொறுக்கினார்கள். உரித்த வெங்காயச் சருகை உதறுவதும், குலையை உள்ளே வைப்பதுமாக வேலை நடந்தது. தவராசா பை நிறைந்ததும் வாயைக் கட்டினார். சமையற்கட்டுக் கட்டு, அவிழாது. வற்றிலும் தண்ணீர் நிற்கிற உள் துறைமுகத்தில் ஒரு மிதவை மேடை இருந்தது. அதன் அடியில் பைகளைக் கட்டித் தொங்கவிட்டோம்.

மிஷெல் உதவி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. கோடையில் ஏதாவது பொரித்தால் தொலைபேசியில் கூப்பிடுவேன், கூப்பிடாவிட்டால் வராதே என்றார். குணம் அண்ணையின் மேசைக்கடியில் இருந்த விளம்பரம் எனக்கு நினைவுக்கு வந்தது. கார்த்திக் மட்டும் இன்னும் முழங்காலில்தான் இருந்தார். விலையான ஜாக்கெட்டின் கை முழுக்க மை.

"சார், நாளைக்கு ஆஃபீஸ்ல வீக்கெண்ட் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. இத நான் எந்த மொழியில சொல்றது?"

யார் பேரில் அர்ச்சனை

அடுத்த நீண்ட விடுமுறைக்கு வான் லூர்துக்குப் போனது. ஓட்டியது நான்தான். வழியெல்லாம் யாத்திரிகர்கள் முட்டை என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். செய்தி அதற்குள் லா சப்பல் முழுக்கப் பரவியிருந்தது. கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் குணம் அண்ணையிடம் முட்டையை விசாரித்தார்கள். ரயிலில் ஒருவர் என் தோளைத் தட்டி, "பொரிச்சிட்டுதோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிப்போனார். அவர் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

புஷ்பா அக்கா பிள்ளையார் கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஐயர் வழக்கம்போல் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. கணவாய் என்றார். ஐயர் திரும்பக் கேட்டார். நோர்மண்டியில், வெங்காயப் பைக்குள், இன்னும் பிறக்கவில்லை, ஆகவே நட்சத்திரம் தெரியாது என்று அக்கா விளக்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐயர் தட்டை வாங்கி, குரலை இறக்கினார்.

"நட்சத்திரம் இல்லாட்டில் பரவாயில்லை அம்மா, சுவாமி பேரிலை செய்வம். கோயிலுக்கை நிண்டு மச்சத்தின்ரை பேர் மட்டும் சொல்லாதேங்கோ."

வாளிக்குள்

ஜூலையில் மிஷெல் கூப்பிட்டார். பைகளில் பாதி வெளுத்து நாறிவிட்டன, தூக்கி எறிந்துவிட்டேன் என்றார். மற்றப் பாதியைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஞாயிறு வரச் சொன்னார்.

வான் நிறைந்தது. பின்னால் இரண்டு கார்கள். முன் இருக்கையில் குணம் அண்ணை. கடைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டதாகவும், கண்ணால் பார்த்துவிட்டால் ஒரே பதிலாகச் சொல்லலாம் என்றும் காரணம் சொன்னார்.

மிஷெல் ஒரு பையை அவிழ்த்து, வெள்ளை வாளியில் கடல் தண்ணீருக்குள் விட்டார். மை கரைந்து முட்டைகள் கண்ணாடிபோல் ஆகியிருந்தன. உள்ளே ஒவ்வொன்றும் அசைந்தது. எங்கள் கண் முன்னே ஒன்று கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. முழுக் கணவாய்தான், கண், கை, ஓரத்துச் செட்டை, ஒன்றும் குறையில்லை. வாளியின் அடியில் போய் நின்றது. வெள்ளைக்கு வெள்ளையாக நிறத்தை மாற்றியது. குணம் அண்ணை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து விரலை நீட்டினார். அது ஒரு சொட்டு மையைக் கக்கிவிட்டு வாளியின் மறு ஓரத்துக்கு ஓடியது. மனுசன் விரலை வெடுக்கென்று இழுத்து, பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் நீட்டினார். இப்படி நாலைந்து தடவை. கார்த்திக் படம் எடுத்தார். இந்த முறை கார்டை மாற்ற வேண்டி வரவில்லை.

வாளியை மேடையின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சரித்தது புஷ்பா அக்கா. மிஷெல்தான் அவரிடம் கொடுத்தார். அக்கா தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இவை கறிக்கு ஆக எவ்வளவு காலம் செல்லும் என்று கேட்கச் சொன்னார். இரண்டு வருடம் என்றார் மிஷெல். அடுத்த மே மாதம் ஆட்களைக் கூட்டி வரலாமா என்று நான் கேட்டேன். வரலாம், அந்த அம்மாவின் கையுறை பாரிஸிலேயே இருக்கட்டும் என்றார். அதை மொழிபெயர்த்ததும் அக்கா முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பி வரும்போது அடுத்த மே ஞாயிறுகளுக்கு வானுக்குள்ளேயே இடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். லூர்து விளம்பரத்தை என்ன செய்வது என்று குணம் அண்ணையிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் தன் விரலில் இருந்த மையைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூர்துக்கு ரயில் இருக்கு ஐசே. கணவாய்க்கு நீர்தானே இருக்கிறீர்."

இயற்கையைக் காட்டுவது பெரிய வேலையே இல்லை. காட்டிய பிறகு நம்மவர்கள் அதைத் துடைத்து அடுக்கி வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழில்.